தரக் குறைப்பும் முதலீட்டாளர் மனமும்

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்பது உழவர் கண்ட பட்டறிவு. எறும்பு ஏறுவதனால் மழை பெய்வதில்லை. பெய்யவிருக்கும் மழையை எறும்பு முன்னரே உணர்ந்துகொள்கிறது. ஆனால், உலகில் ஓர் இடத்தில் மட்டும் இந்த முறைமை சற்றே மாறிவிடுகின்றது. அங்கே எறும்பு திட்டை ஏறுவதைக் கண்ட மாத்திரத்தே வானம் இருண்டு மழையும் கொட்டத் தொடங்கிவிடும். அந்த இடமே பங்குச் சந்தை. அங்கே எறும்பின் இடத்தில் இருப்பவர், பங்குகளை ஆராய்ந்து தீர்ப்புக் கூறும் ஆய்வாளர்.

ஒரு கம்பனியின் மூலதனத்தைச் சிறு சிறு கூறுகளாக வகுத்து விற்கும்போது, அக்கூறு ஒன்றை வாங்குபவர் அந்த அளவுக்கு அக்கம்பனியின் உடைமையாளர் ஆகிறார் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆனால், வாங்குபவர் ஒவ்வொருவரும் தொழிற்சாலைக்குச் சென்று இயந்திரங்களைப் பார்வையிடவோ, கணக்கேடுகளைப் புரட்டிப் பார்க்கவோ இயலாது. அவ்வேலைக்கென்றே பெரிய தரகு நிறுவனங்கள் கற்றறிந்த ஆய்வாளரை அமர்த்தியிருக்கின்றன. அவர் ஒரு தொழில்துறையை எடுத்துக்கொண்டு, அத்துறையிலுள்ள கம்பனிகளின் வரவையும் செலவையும், கையிலுள்ள கட்டளைகளையும், கிடங்கிலுள்ள சரக்கையும் ஆராய்ந்து, இறுதியில் ஒரு சொல்லில் தீர்ப்பு வழங்குகிறார். ‘வாங்குக’ என்பது ஒன்று. ‘வைத்திருக்க’ என்பது மற்றொன்று. ‘விற்க’ என்பது மூன்றாவது. நேற்றுவரை ‘வாங்குக’ என்றிருந்த பங்கை இன்று ‘வைத்திருக்க’ என்றோ ‘விற்க’ என்றோ அவர் இறக்கிக் கூறுவாராயின், அதுவே தரக் குறைப்பு எனப்படும்.

இந்த ஒரு சொல், காலையில் சந்தை திறக்குமுன் வெளியாகிறது. மாலைக்குள் கோடிக்கணக்கான பணம் கைமாறிவிடுகின்றது. தொழிற்சாலையில் நேற்று ஓடிய இயந்திரங்களே இன்றும் ஓடுகின்றன. அதே தொழிலாளர் அதே வேலையைச் செய்கின்றனர். எனினும் அத்தொழிற்சாலையின் விலை, சந்தைக் கணக்கின்படி, பத்தில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ ஒரே நாளிற் குறைந்துவிடுகிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது? இதில் அறிவு எவ்வளவு, அச்சம் எவ்வளவு? இவ்வினாவை ஆராய்வதற்கு இலத்திரனியல் உற்பத்தித் தொழிலைக் காட்டிலும் தகுந்த களம் வேறில்லை.

இலத்திரனியற் பொருள்களின் மேலே ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அப்பெயருக்குரிய கம்பனியே அப்பொருளைச் செய்தது என்று எண்ணுவது பெரும்பாலும் தவறு. தொலைபேசியாயினும் கணினியாயினும், அதனை ஒப்பந்த அடிப்படையிற் பூட்டிக் கொடுப்பதற்கென்றே தனிக் கம்பனிகள் இருக்கின்றன. 1977ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தோன்றிய சொலெக்ரொன் அத்தகையது. 1969இல் அதே மாநிலத்திற் பிறந்து பின்னர் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட பிளெக்ஸ்ரொனிக்ஸ் அத்தகையது. 1974இல் தாய்வானில் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு வேண்டிய பிளாஸ்ரிக் குமிழ்களைச் செய்யத் தொடங்கி, பொக்ஸ்கொன் என்ற பெயரால் உலகெங்கும் பரந்த கம்பனியும் அத்தகையதே. சென்னைக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் இத்தகைய தொழிற்சாலைகள் எழுந்து, தமிழ்ப் பெண்கள் பல்லாயிரவருக்கு வேலை தந்திருப்பதையும் ஈண்டு நினைவு கூரலாம்.

இத்தொழிலின் இயல்பு யாதெனின், விற்பனை மலைபோற் பெரிது. இலாபம் கடுகுபோற் சிறிது. நூறு ரூபாவுக்குப் பொருள் செய்து கொடுத்தால், எல்லாச் செலவும் போகக் கையில் நிற்பது இரண்டு ரூபாவோ மூன்று ரூபாவோதான். உதிரிப் பாகங்களின் விலையே விற்பனை விலையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே செலவிற் சிறிது கூடினாலும், கட்டளையிற் சிறிது குறைந்தாலும் அந்த இரண்டு ரூபா ஒரு ரூபாவாகிவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தொழில் நன்றாகவே நடப்பதுபோலத் தோன்றும். உள்ளே இலாபம் பாதியாகியிருக்கும்.

இதனோடு மற்றொன்றையும் சேர்த்து எண்ணவேண்டும். பங்கின் விலை என்பது இன்றைய இலாபத்துக்குக் கொடுக்கப்படும் விலை அன்று. நாளைய இலாபத்தைப் பற்றிய நம்பிக்கைக்குக் கொடுக்கப்படும் விலை. பங்கொன்றுக்கு ஆண்டில் 10 ரூபா சம்பாதிக்கும் ஒரு கம்பனியை எடுத்துக்கொள்ளலாம். அது விரைந்து வளரும் என்ற நம்பிக்கையால், அதன் சம்பாத்தியத்தைப்போல் 100 மடங்கு விலை கொடுக்க மக்கள் முன்வருகின்றனர். அப்போது பங்கின் விலை 1,000 ரூபா. ஆய்வாளர் ஒருவர், ‘அடுத்த ஆண்டு 10 ரூபா வராது, 9 ரூபாதான் வரும்’ என்று எழுதுகிறார். குறைந்தது பத்தில் ஒரு பங்கே. ஆனால் வளர்ச்சியின்மேல் வைத்த நம்பிக்கை தளர்ந்தவுடன், 100 மடங்கு கொடுத்தவர்கள் 70 மடங்குதான் கொடுப்போம் என்கின்றனர். 9 ரூபாவை 70ஆற் பெருக்கினால் 630 ரூபா. சம்பாத்தியம் நூற்றுக்கு 10 குறைய, விலை நூற்றுக்கு 37 குறைந்துவிட்டது. விழுந்தது தொழிற்சாலையன்று, அதன்மேல் அடுக்கப்பட்டிருந்த நம்பிக்கையே விழுந்தது. உயரத்தில் ஏற்றி வைத்த பானைக்கு ஒரு சிறு அசைவே போதும் அல்லவா?

இவ்வுண்மையை வரலாறு மிகத் தெளிவாகக் காட்டிய காலம் 2000ஆம் ஆண்டு முதல் 2002ஆம் ஆண்டு வரையுள்ள காலமாகும். இன்ரநெற் என்னும் வலைப்பின்னல் உலகை மாற்றிவிடப் போகின்றது என்ற எண்ணம் அமெரிக்க மக்களை அப்போது ஆட்கொண்டிருந்தது. அவ்வெண்ணம் பொய்யன்று. ஆயின், அதற்கு அவர்கள் கொடுத்த விலைதான் பொருந்தாதது. தொழில்நுட்பக் கம்பனிகள் நிறைந்த நஸ்டாக் சந்தையின் சுட்டெண் 2000ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் 5,048 என்ற உச்சத்தை எட்டியது. வலைப்பின்னல் கருவிகளைச் செய்துவந்த சிஸ்கோ என்னும் கம்பனி அதே மாத இறுதியில் உலகிலேயே சந்தை மதிப்பு மிகுந்த கம்பனியாக விளங்கியது. அதன் கருவிகளுட் பெரும்பாலானவற்றைச் செய்து கொடுத்தவை ஒப்பந்த உற்பத்திக் கம்பனிகளே.

மார்ச் மாத உச்சத்தின் பின்னர் சந்தை ஒருமுறை தடுமாறி மீண்டும் சற்று நிமிர்ந்து நின்ற வேளையில், யூலை மாதத் தொடக்கத்திலே, சலமன் சிமித் பாணி என்ற தரகு நிறுவனத்தின் ஆய்வாளரான ஜோனதன் ஜோசப் சில்லுக் கம்பனிகளைப் பற்றிய தம் மதிப்பீட்டைக் குறைத்து அறிக்கை வெளியிட்டார். இலத்திரனியற் கருவி ஒவ்வொன்றுக்கும் இதயம்போன்றவை அச்சில்லுகள். அத்தொழிலின் ஏற்றம் உச்சியை நெருங்கிவிட்டது என்பதே அவர் கூற்றின் சாரம். அன்று சில்லுக் கம்பனிகளின் பங்குகள் சரிந்தன. மறுநாள் முதலே எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. வேறு நிறுவனங்களைச் சேர்ந்த புகழ்பெற்ற ஆய்வாளர்கள் அவர் கூற்றை மறுத்தனர். கட்டளைகள் குவிந்து கிடக்கின்றன, தொழிற்சாலைகள் இரவு பகலாக இயங்குகின்றன, இவ்வேளையில் இறக்கம் எங்கிருந்து வரும் என்று அவர்கள் கேட்டனர்.

அவர்கள் கேட்ட வினாவில் நியாயம் இருந்தது. கட்டளைகள் குவிந்து கிடந்தது உண்மையே. ஆனால் அக்கட்டளைகள் எத்தகையவை என்பதை ஆராய்ந்தால்தான் உண்மை விளங்கும். ஒரு கம்பனிக்குப் 10,000 கருவிகள் தேவை என்று கொள்ளலாம். அது மூன்று ஒப்பந்த உற்பத்தியாளரிடம் விலை கேட்கிறது. மூவரும் அவ்வேலை தமக்கே கிடைக்கும் என்று எண்ணி, 10,000 கருவிகளுக்கு வேண்டிய சில்லுகளைத் தனித்தனியே கேட்டு வைக்கின்றனர். சில்லுக் கம்பனியின் பதிவேட்டில் இப்போது 30,000 கருவிகளுக்கான தேவை எழுதப்பட்டிருக்கிறது. சில்லுக்குத் தட்டுப்பாடு என்ற செய்தி பரவியதும், ‘பாதிதான் கிடைக்கும், ஆகவே இரட்டிப்பாகக் கேள்’ என்று ஒவ்வொருவரும் கேட்கின்றனர். தேவை இன்னும் பெருகியதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் வாங்க வந்தவர் ஒருவர். அவருடைய நிழல்களோ பல.

ஒரு சாட்டையின் பிடியைச் சிறிது அசைத்தால் அதன் நுனி பெருவீச்சாக வீசுகின்றது. வாங்குபவரின் தேவையில் ஏற்படும் சிறு மாற்றம், விற்பனையாளர், உற்பத்தியாளர், உதிரிப் பாகம் செய்பவர் என்று பின்னோக்கிச் செல்லச் செல்ல இவ்வாறே பெருகுகிறது. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே பொரெஸ்ரர் 1961இல் வெளியிட்ட நூலிலேயே இவ்வியல்பைக் கணித முறையில் விளக்கியிருந்தார். நாற்பது ஆண்டுகளுக்குமுன் வகுப்பறையிற் கற்பிக்கப்பட்ட பாடத்தைச் சந்தை மறந்திருந்தது என்பதே வியப்பு.

அவ்வாண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் மாலை, சில்லுத் தொழிலின் முதல்வனாகிய இன்ரெல், ஐரோப்பாவில் விற்பனை மந்தமாயிருப்பதால் வருமானம் எதிர்பார்த்ததிலும் குறையும் என்று அறிவித்தது. மறுநாட் காலை ஆய்வாளர் பலர் ஒருவர்பின் ஒருவராகத் தம் தரத்தைக் குறைத்தனர். அந்த ஒரே நாளில் இன்ரெல் பங்கு நூற்றுக்கு 22 வீதம் வீழ்ந்தது. கம்பனியின் சந்தை மதிப்பில் ஏறத்தாழ 9,000 கோடி டொலர் மறைந்தது. யூலையிற் சொன்னவர் எறும்புபோல் முன்னரே திட்டை ஏறியவர். செப்டெம்பரிற் சொன்னவர்களோ நனைந்தபின் மழை பெய்கிறது என்று அறிவித்தவர்கள். இரண்டுக்கும் பெயர் தரக் குறைப்புத்தான். ஆயினும் முதலீட்டாளருக்கு அவற்றால் விளைந்த பயன் ஒன்றாகுமா?

பின்னர் நடந்தவற்றை விரிவாகக் கூறவேண்டியதில்லை. நிழற் கட்டளைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 2001ஆம் ஆண்டு மே மாதம் சிஸ்கோ, விற்க முடியாத சரக்கின் பொருட்டு 225 கோடி டொலரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 8,500 பேர் அங்கே வேலையிழந்தனர். உலகச் சில்லு விற்பனை 2000ஆம் ஆண்டில் 20,400 கோடி டொலர். 2001இல் அது 13,900 கோடியாகச் சுருங்கியது. அமெரிக்காவின் தரத்துக்கான பல்ட்றிஜ் விருதை 1991இலும் 1997இலும் பெற்ற சொலெக்ரொன், 2001ஆம் நிதியாண்டில் 1,870 கோடி டொலருக்கு விற்பனை செய்தது. அடுத்த நிதியாண்டில் ஏறத்தாழ 310 கோடி டொலர் நட்டமடைந்தது. 2000ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் 50 டொலரை எட்டியிருந்த அதன் பங்கு, ஈராண்டிற்குள் 3 டொலருக்குங் கீழே இறங்கியது. 2007இல் அக்கம்பனி பிளெக்ஸ்ரொனிக்ஸின் உடைமையாயிற்று. நஸ்டாக் சுட்டெண்ணோ 2002 ஒக்டோபர் 9ஆம் நாள் 1,114 வரை தாழ்ந்தது.

சொலெக்ரொன் தொழிலாளர் கைத்திறன் குறைந்தவர் அல்லர். விருது பெற்ற அதே கைகள்தாம் 2002இலும் வேலை செய்தன. நன்கு நடக்கும் தொழிற்சாலை வேறு, நல்ல விலையிற் கிடைக்கும் பங்கு வேறு என்பதை இதனின்றும் அறிந்துகொள்ளலாம்.

இத்துணை பெரிய மழை வரவிருந்தபோது, எறும்புகளுட் பெரும்பாலானவை ஏன் அசையவில்லை? இவ்வினாவுக்கு விடை காண முயன்ற பேராசிரியர்கள், பிராட் பார்பர் என்பவரும் அவருடைய துணைவரும், அக்கால மதிப்பீடுகளை எண்ணிப் பார்த்தனர். 2000ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நூறு மதிப்பீடுகளுள் 74 ‘வாங்குக’ என்றன. ‘விற்க’ என்றவை இரண்டு மாத்திரமே. ஒரு வைத்தியர் தம்மிடம் வந்த நூறு பேரில் இருவரைத் தவிர எவருக்கும் நோயில்லை என்று சொன்னால், அவருடைய நாடி பார்க்கும் திறனை ஐயுறுவது இயல்பன்றோ?

காரணம் திறமைக் குறைவு அன்று. ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுத்த அதே நிறுவனங்கள், கம்பனிகளுக்குப் புதிய பங்குகளை வெளியிட்டுக் கொடுத்துப் பெருங் கட்டணம் பெற்றுவந்தன. கம்பனியைக் குறைத்து எழுதினால் அந்த வருவாய் கைநழுவும். கம்பனி அதிகாரிகள் முகம் கொடுக்கமாட்டார்கள், செய்தி தரமாட்டார்கள். தம்முள்ளே எழுதிக்கொண்ட கடிதங்களில் இகழ்ந்த பங்கையே பொதுமக்களுக்கு நல்லது என்று எழுதியவர்களும் இருந்தமை பின்னர் நியூ யோர்க் மாநிலச் சட்டமா அதிபரின் விசாரணையில் வெளியாயிற்று. 2003ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பத்துப் பெரும் நிறுவனங்கள் ஏறத்தாழ 140 கோடி டொலர் செலுத்த உடன்பட்டன. ஆய்வுப் பகுதியும் பங்கு வெளியீட்டுப் பகுதியும் பிரித்து வைக்கப்படவேண்டும் என்ற விதியும் வந்தது. 2002 செப்டெம்பர் முதல், தம்முடைய மதிப்பீடுகளில் எத்தனை ‘வாங்குக’, எத்தனை ‘விற்க’ என்பதை ஒவ்வொரு நிறுவனமும் வெளிப்படுத்தவேண்டியதாயிற்று. அதன் பயனாக 2003ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ‘வாங்குக’ என்பது நூற்றுக்கு 42 ஆகக் குறைந்து, ‘விற்க’ என்பது 17 ஆக உயர்ந்தது.

ஆய்வாளரின் வாக்கு எந்த அளவுக்குப் பலிக்கின்றது என்ற ஆராய்ச்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்கரான அல்பிரட் கோல்ஸ் 1933ஆம் ஆண்டிலேயே, பங்குகளைப் பற்றி வருவதுரைத்த பதினாறு நிறுவனங்களின் பரிந்துரைகளை ஆராய்ந்து, அவர்களுக்கு அத்திறமை உண்டு என்பது ஐயத்துக்குரியது என்ற முடிவுக்கு வந்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் கென்ட் வோமாக் என்ற பேராசிரியர் வேறுபட்ட ஓர் உண்மையைக் கண்டார். 1996இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, ‘வாங்குக’ என்ற பட்டியலிற் புதிதாகச் சேர்க்கப்பட்ட பங்குகள் முதல்நாள் ஏற்றத்தின் பின் நூற்றுக்கு 2.4 வீதமே மேலும் ஏறின. அதுவும் சிறிது காலத்துக்கே. ‘விற்க’ என்ற பட்டியலிற் புதிதாக விழுந்த பங்குகளோ, முதல்நாள் வீழ்ச்சியின் பின்னரும் ஆறு மாத காலத்தில் நூற்றுக்கு 9.1 வீதம் மேலும் வீழ்ந்தன. புகழ்ச்சி மலிவாகக் கிடைப்பது. ஆகவே அதற்கு மதிப்புக் குறைவு. இகழ்ச்சியைச் சொல்பவர் தமக்கு வரும் இடரையும் ஏற்றுக்கொண்டு சொல்கிறார். ஆகவே அதில் உண்மையின் பங்கு மிகுதி.

இந்த வேறுபாட்டைப் பெரிய முதலீட்டாளர்கள் அறிந்திருக்கிறார்கள், சிறியவர்கள் அறிந்திருக்கவில்லை. இதுவே கவலைக்குரிய செய்தி. உல்றிக் மல்மெண்டியர், தேவின் சாந்திகுமார் என்னும் இரு பேராசிரியர்கள் 1994 முதல் 2002 வரை நடந்த கொடுக்கல் வாங்கல்களை ஆராய்ந்து, 2007இல் தம் முடிவை வெளியிட்டனர். ஆய்வாளர் ‘வைத்திருக்க’ என்று எழுதினால், ஓய்வூதிய நிதியங்களைப் போன்ற பெரிய முதலீட்டாளர்கள் அதனை ‘விற்க’ என்று படித்து விற்றுவிடுகின்றனர். ‘வாங்குக’ என்று எழுதினாலும் அவர்கள் அசைவதில்லை. சிறு முதலீட்டாளரோ எழுதியதை எழுதியவாறே நம்புகின்றனர். ‘வைத்திருக்க’ என்றால் வைத்திருக்கின்றனர். ‘வாங்குக’ என்றால் வாங்குகின்றனர். ஒரே ஓலையை இருவர் படிக்கிறார்கள். ஒருவருக்கு அதன் குறிப்புப் பொருள் தெரிகிறது, மற்றவருக்கு எழுத்து மட்டுமே தெரிகிறது. பெரியவர் விற்கும்போது வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டுமே! அந்த ஒருவர் பெரும்பாலும் எழுத்தை மட்டும் படித்தவரே.

அவர் யார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் உழைத்து, ஓய்வுக் காலத்துக்கென்று சேர்த்த பணத்தைப் பங்குகளில் இட்டவராக இருக்கலாம். மகளின் படிப்புக்கென்று மாதந்தோறும் சிறுதொகை ஒதுக்கியவராக இருக்கலாம். பெரிய நிதியத்துக்கு ஒரு நட்டம் என்பது கணக்கேட்டில் ஒரு வரி. இவருக்கோ அது வாழ்நாளில் மீண்டும் வராத பத்து ஆண்டுகள்.

இனி, தரக் குறைப்பைக் கேட்ட முதலீட்டாளர் மனத்தில் நிகழ்வதையும் சற்று நோக்கலாம். சிலர் கேட்டவுடன் அஞ்சி, விசாரியாது விற்றுவிடுகின்றனர். இவர்கள் விற்பதாலேயே விலை இன்னும் இறங்குகின்றது. அவ்விறக்கத்தைக் கண்டு வேறு சிலர் விற்கின்றனர். எறும்பு ஏறியதாலேயே மழை வந்தது என்று முதலிற் கூறியது இதனையே.

வேறு சிலர் இதற்கு நேர்மாறானவர். கொடுத்த விலை திரும்பி வரும்வரை விற்பதில்லை என்று சபதம் செய்துகொள்கின்றனர். நூறு ரூபா கிடைத்தபோது உண்டாகும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபா இழந்தபோது உண்டாகும் துன்பம் ஏறத்தாழ இரு மடங்கு என்பது உளவியல் அறிஞர்களான டானியல் கானமனும் ஏமோஸ் ற்வேர்ஸ்கியும் கண்ட முடிவு. விற்றால் இழப்பு உறுதியாகிவிடும். விற்காதிருந்தால் அது வெறும் தாளில் எழுதிய இழப்பு என்று மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது. ரெறன்ஸ் ஒடீன் என்பவர் 10,000 தரகுக் கணக்குகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், மக்கள் இலாபம் தந்த பங்கை விரைந்து விற்று, நட்டம் தந்த பங்கை இறுகப் பற்றிக்கொள்வதைக் காட்டினார். அவ்வாறு விற்கப்பட்ட பங்குகள், அடுத்த ஓராண்டில், பற்றிக்கொண்டிருந்த பங்குகளைவிட நூற்றுக்கு 3.4 வீதம் அதிகமாகவே ஏறின. பூச்செடியைப் பிடுங்கிவிட்டுக் களைக்கு நீர் ஊற்றும் தோட்டக்காரனின் செயலை இஃது ஒக்கும்.

அமெரிக்காவில் நடந்த பழங்கதை இது என்று எவரும் அமைதி கொள்ளவேண்டியதில்லை. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு அரசு அறிவித்த உற்பத்தி ஊக்கத் திட்டத்தின் பின்னர் இலத்திரனியல் உற்பத்திக் கம்பனிகளின் பங்குகள் பெரிதும் உயர்ந்தன. அவற்றுள் முதன்மையான டிக்சன் ரெக்னோலொஜீஸ், 2025 சனவரியில், முடிந்த மூன்று மாதக் கணக்கை வெளியிட்டது. விற்பனையும் இலாபமும் முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட இரு மடங்குக்கு மேலாகியிருந்தன. மறுநாள் அப்பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 14 வீதம் வீழ்ந்தது. சம்பாத்தியத்தைப்போல் 100 மடங்குக்கும் மேலான விலையில் அப்பங்கு நின்றிருந்தது. 10,000 கோடி ரூபாவைக் கடந்த விற்பனையில் இலாபம் 200 கோடிக்குச் சற்றே மேற்பட்டது. ஒரு சார் ஆய்வாளர் வேண்டாம் என்றனர். மற்றொரு சாரார் வாங்கலாம் என்றனர். கணக்கேடு ஒன்றே, தீர்ப்பு இரண்டு. கம்பனி கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருளன்று. ஏற்கெனவே செலுத்தப்பட்ட நம்பிக்கையின் விலை மிகப் பெரிது என்பதே பொருள்.

அவ்வாறாயின் தரக் குறைப்பைக் கேட்ட ஒருவர் செய்யத்தக்கது யாது? மூன்று வினாக்களை அவர் தம்முள்ளே கேட்டுக்கொள்ளலாம். முதலாவது, இந்த அறிக்கையிற் புதிய செய்தி ஏதேனும் உண்டா, அன்றி வீழ்ந்துவிட்ட விலையைப் பின்தொடர்ந்து வந்த சொல்லா என்பது. கிடங்கிற் சரக்குத் தேங்குகிறது, வாடிக்கையாளர் ஒருவரையே கம்பனி பெரிதும் நம்பியிருக்கிறது, இலாபம் தாளில் இருக்கிறது ஆனால் பணம் கையில் வரவில்லை என்றாற்போன்ற காரணம் கூறப்பட்டிருந்தால், அதனைப் பொறுமையாகப் படிக்கவேண்டும். காரணமின்றிச் சொல் மட்டும் மாறியிருந்தால் அதற்கு அஞ்சவேண்டியதில்லை. இரண்டாவது, சொல்பவருக்கு அதனால் ஊதியமா இழப்பா என்பது. தம் ஊதியத்துக்கு மாறாக ஒருவர் பேசும்போது அப்பேச்சுக்குக் கனம் அதிகம். மூன்றாவது வினாவே மிகக் கடினமானது. இந்தப் பங்கு தம் கையில் இல்லாதிருந்து, இதே விலைக்கு இன்று விற்பனைக்கு வந்தால், இதனை வாங்க மனம் இசையுமா என்பது. இசையாது என்று விடை வருமாயின், கொடுத்த விலையை எண்ணிக்கொண்டு அதனை வைத்திருப்பதில் அறிவு இல்லை. இசையும் என்று விடை வருமாயின், பிறர் ஓடுகிறார்கள் என்பதற்காகத் தாமும் ஓடுவதிலும் அறிவு இல்லை.

ஆய்வாளர் சொல் வேதமன்று. வெறும் கூச்சலும் அன்று. 2000ஆம் ஆண்டு யூலையில் ஒருவர் காரணத்தோடு சொன்ன சொல்லைப் பலர் எள்ளினர், அச்சொல்லே மெய்யாயிற்று. அதே ஆண்டிற் பலர் ஒருமித்துச் சொன்ன சொல்லைக் கோடிக்கணக்கானோர் நம்பினர்; அச்சொல் பொய்த்தது. அவ்வாண்டில் ஆய்வாளர் மிக உயர்வாக மதித்த பங்குகள் சந்தையோடு ஒப்பிடுமிடத்து நூற்றுக்கு 31 வீதம் பின்தங்கின. மிகத் தாழ்வாக மதித்தவையோ 48 வீதத்துக்கு மேல் முந்தின. சொல்பவரின் எண்ணிக்கை உண்மைக்கு அளவுகோல் ஆகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

உழவன் எறும்பைப் பார்க்கிறான். ஆயினும் எறும்பை மட்டும் பார்ப்பதில்லை. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, மேகம் எப்படி நிற்கிறது என்பவற்றையும் பார்த்த பின்னரே களத்திற் காயும் நெல்லை அள்ளுவதா விடுவதா என்று தீர்மானிக்கிறான். அது அவன் உழைத்து விளைவித்த நெல். சேமிப்பும் அத்தகையதே. அதனைக் காப்பதற்கு வேண்டிய விழிப்பைப் பிறரிடம் முழுவதும் ஒப்படைத்துவிட முடியாது.